ஐந்து நாள் பிந்தி வந்தவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குச் சட்டத்தரணி ஸாலிஹாவின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸாலிஹா. கிண்ணியாவில் பிறந்து, பத்தொன்பது வருடமாகத் திருகோணமலை நகரில் வழக்குப் பேசுகிறவர். இந்தப் பக்கம் நடுக் கதிரையில், சாய்மானத்தில் முதுகு படாமல் நிமிர்ந்து இருந்தவர் கோணாமலை. அவருக்கு இடது பக்கம் மனைவி யோகம்மா. வலது பக்கம், மணிக்கட்டில் பிளாஸ்டர் கட்டோடு மகன் கிருஷாந்தன். கதிரை போதாமல் அலுமாரியில் சாய்ந்து நின்றவள் மகள் லக்சாயினி.

வந்திருக்க வேண்டிய ஆறாவது ஆள் ஒருவர் இருந்தார். கிருஷாந்தனோடு ஒரே படகில் போகும் ஜவாஹிர். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"நடந்த திகதிய இன்னொருக்காச் சொல்லுங்க ஐயா," என்றார் ஸாலிஹா.

"யூன் பத்து. செவ்வாய்க்கிழமை. விடியப்புறம்."

சொன்னவர் கோணாமலை. யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த வீட்டில் பதில் சொல்வது அவர்தான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சாம்பல்தீவுக் கரையில் படகை இறக்கிக்கொண்டிருந்த கிருஷாந்தனை ஜீப்பில் வந்த மூன்று பேர் பிடித்தார்கள். இரண்டு பேர் பொலிஸ் உடுப்பில், ஒருவர் சாதாரண உடுப்பில். டைனமைட் போட்டு மீன் அடிக்கிற யாரோ ஒருவனைத் தேடி வந்தவர்கள். கிருஷாந்தனோ சங்கு குளிக்கிறவன். அனுமதிப் பத்திரத்தோடு கடலடியில் இறங்கி எடுத்து வருகிறவன். அதை அவன் சொல்லச் சொல்ல அடித்தார்கள். காவலரண் ஒன்றின் பின்னால் கொண்டுபோய் மிச்சத்தையும் அடித்தார்கள். ஆள் மாறிப்போனது தெரிந்ததும் ஒன்பது மணிபோல் தெருவோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இடது காதுக்குள்ளிருந்து இரத்தம் வந்தது.

ஆசுபத்திரியில் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, "இறங்குதுறையால வழுக்கி விழுந்திட்டான்" என்றார் கோணாமலை. கிருஷாந்தனும் தலையாட்டினான்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவரிடம் காரணம் இருந்தது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகின் சுக்கானியாக நின்றவர். மலைபோல வந்த கப்பல்களை அணைத்துக் கொண்டுவந்து துறைமேடையில் கட்டியவர். ஒரு கண்டனக் கடிதம்கூட அவருடைய கோப்பில் இல்லை. இப்போது அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர். அவருடைய குடும்பத்தில் யாரும் கோடு கச்சேரிப் படி ஏறியதில்லை, பொலிஸ் வாசல் மிதித்ததில்லை. ஆசுபத்திரியில் இரண்டு கட்டில் தள்ளி ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். பொலிஸ் சும்மா பிடிக்குமோ என்று அந்த இரண்டு வாயும் பொழுது படுமுன் ஊரெல்லாம் கேட்டுவிடும். வீட்டில் கலியாணம் பேசும் பெண் இருக்கிறாள். விழுந்தவன் என்றால் யாருக்கும் வெட்கமில்லை.

ஸாலிஹா எழுதுவதை நிறுத்திவிட்டு மேசை நாட்காட்டியைத் திருப்பினார். பேனை முனையால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"அரசாங்க உத்தியோகத்தர் ஒருத்தர் அடிப்படை உரிமைய மீறினா, உயர் நீதிமன்றத்துக்குப் போறதுக்கு ஒரு மாசம்தான் தவணை ஐயா. இண்டைக்கு யூலை பதினைஞ்சு. அஞ்சு நாள் பிந்தி வந்திருக்கிறீங்க."

ஸாலிஹா நாட்காட்டியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அஞ்சு நாள்தானே?" என்றாள் யோகம்மா. "நாங்கள் போய்க் கேட்டால் தரமாட்டினமோ? கோயில் சடங்கெண்டு சொன்னால்?"

"கோயில் சடங்கா?"

கோணாமலை விளக்கினார். பதின்மூன்றாம் திகதி அவருக்குக் காப்புக் கட்டியது. காப்புக் கட்டினவர் சடங்கு முடிந்து, எட்டாம் நாள் படையலான எட்டாம் மடையும் முடிந்து, அது அறுபடும் வரைக்கும் ஊரெல்லை தாண்டக் கூடாது. மரணவீடு, ஆசுபத்திரி, கோடு கச்சேரி என்று எந்த வாசலும் மிதிக்கக் கூடாது. யூன் முப்பதாம் திகதிதான் காப்பு அறுத்தது.

"சரி ஐயா. முப்பதாம் திகதிக்குப் பிறகு பத்து நாள் இருந்ததே. எட்டாம் திகதிக்கு உங்கட மகள் என்னட்ட நேரம் எடுத்திருந்தா. நீங்கதான் போன் பண்ணி வேணாமெண்டீங்க."

கோணாமலை நாட்காட்டியில் அந்த எட்டைப் பார்த்தார். பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை நிலாவெளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு சட்டத்தரணியின் வாசலில் தன்னை யாராவது கண்டுவிடக் கூடாது என்று அவர் நினைத்திருந்தார்.

"வாறவங்க எல்லாரும் இப்பிடித்தான்," என்றார் ஸாலிஹா. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "காயம் ஆறட்டும், கோவம் ஆறட்டும், நல்ல காரியம் முடியட்டும் எண்டு இருந்திடுறாங்க. சட்டத்துக்குக் காப்புக் கட்டத் தெரியாது ஐயா."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அடிபட்ட அன்று போட்டிருந்த உடுப்பு?

"எரிச்சிட்டன்," என்றார் கோணாமலை. "இரத்தச் சட்டை சடங்கு வீட்டில கிடக்கக் கூடாதெண்டு கிணத்தடியில வைச்சு எரிச்சனான்."

சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா? இல்லை. வழுக்கி விழுந்தவனை அவரிடம் யாரும் அனுப்புவதில்லை. முதுகில் தழும்பு?

யோகம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினனான், பிள்ளை. நொச்சி இலை போட்டு ஒத்தடம் குடுத்தனான். ரெண்டு நேரமும் விடாமல். சடங்குக்குப் பிள்ளை மேலில சட்டையில்லாமல் நிக்கவேணும், ஆக்கள் பாப்பினமெண்டு... எல்லாம் போயிட்டுது. ஒரு அடையாளமும் இல்லை. நான்தான் போக்கினனான்."

ஒரு தாய் தன் பிள்ளையின் காயத்தை ஆற்றியதற்காக அழுவதைக் கோணாமலை அன்றுதான் கண்டார். "அழாதை," என்றார்.

ஸாலிஹா கிருஷாந்தனைப் பார்த்தார். "தம்பி, டொக்டரிட்ட வாப்பா... அப்பா விழுந்ததெண்டு சொல்லக்குள்ள நீங்களும் ஓமெண்டு தலையாட்டினீங்களாம். ஏன்?"

கிருஷாந்தன் பிளாஸ்டரிலிருந்து பார்வையை எடுத்தான்.

"அப்பா அண்டைக்கு என்ன சொன்னவரெண்டு எனக்குக் கேக்கேல்ல, மிஸ். காதுக்குள்ள ஒரே இரைச்சல். நடந்ததைத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சுத் தலையாட்டினனான். வீட்ட வந்த பிறகுதான் தங்கச்சி சொன்னவள்."

அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். இடது காது கோணாமலையின் பக்கம் இருந்தது. ஐந்து வாரமாகத் தான் மகனின் சம்மதம் என்று நினைத்து வைத்திருந்தது வெறும் தலையசைப்பு என்பதை அந்தக் காதைப் பார்த்தபடி அவர் விளங்கிக்கொண்டார்.

"அப்ப ஒண்டும் செய்யேலாதோ?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வருடத்தில் தன் வாயிலிருந்து அவர் கேட்ட மிகச் சிறிய குரல் அது.

அப்போதுதான் லக்சாயினி அலுமாரியை விட்டு நகர்ந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருப்பவள். எந்தக் கடதாசியையும் மடிப்புக் கலையாமல் வைத்திருப்பாள். கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மிஸ், இதைப் பாருங்கோ. யூன் இருபத்தஞ்சாம் திகதி மனித உரிமை ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தனான். இது கிடைச்சதெண்டு அவை தந்த கடிதம், இலக்கம் போட்டது. விசாரணைக்கு இன்னும் கூப்பிடேல்ல."

ஸாலிஹா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"இத முதல்லயே எடுத்து வெச்சிருக்கலாமே தங்கச்சி!"

"அப்பாவுக்குத் தெரியாது," என்றாள் லக்சாயினி.

"ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவுக்குக் குடுத்திருந்தா, அங்க விசாரணை கிடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில வராது. அதக் காட்டிக் கேக்கலாம். அவங்க எதிர்ப்பாங்க. ஆனா கதவு பூட்டுப்படேல்ல. சாட்சியத்துக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒரு படம். வந்த அண்டைக்கு அண்ணா தன்ர முதுகு எப்பிடிக் கிடக்கெண்டு பாக்கவேணும் எண்டவர். கண்ணாடியில தெரியேல்ல. போனில எடுத்துக் காட்டினனான். பிறகு அழிக்க மனம் வரேல்ல."

போன் மேசையில் வைக்கப்பட்டது. ஸாலிஹா பார்த்தார். யோகம்மா பார்க்கவில்லை. கோணாமலை பார்த்தார். அந்த முதுகை அவர் குழந்தையாகத் தோளில் போட்டுத் தட்டியிருக்கிறார். அடிபட்ட பிறகு ஒரு நாளும் அவர் அதைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் கோயில் வேலை நிறைய இருந்தது.

"இனிக் கேளுங்க ஐயா," என்றார் ஸாலிஹா. "ஆஸ்பத்திரி ரிக்கற்ல, டொக்டர் எழுதின கடதாசியில, விழுந்ததெண்டு கிடக்கு. முதல்ல அவங்க அதத்தான் தூக்கிக் காட்டுவாங்க. மகன் மறுத்தா, யோசிச்சுப் பிறகு சொல்ற கதையெண்டுவாங்க. அப்பிடிச் சொன்னவர் நீங்க. அது பொய்யெண்டு சத்தியக்கடதாசியில நீங்கதான் சொல்லணும். என்னத்துக்காகச் சொன்னீங்க எண்டும் சொல்லணும்."

"உயர் நீதிமன்றத்தில, எல்லாரும் வாசிக்கிற கடதாசியில, நான் பொய் சொன்னவன் எண்டு..."

"ஓம் ஐயா. கையெழுத்தும் வெக்கணும். நான் வியாழக்கிழமை கொழும்புக்குப் போறன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இங்க வாங்க. அன்றைக்குக் கண்ட ஆள் ஒருத்தர் இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க."

கோணாமலை எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "யோசிச்சுச் சொல்லுறன்," என்றார்.

"யோசிக்கிற நேரமெல்லாம் முடிஞ்சிட்டுது ஐயா," என்றார் ஸாலிஹா.

*

வெளியே வெயில் ஏறியிருந்தது. யோகம்மாவும் கிருஷாந்தனும் காது கிளினிக்குக்கு ஓட்டோவில் போனார்கள். தகப்பனும் மகளும் தெருவோர மரத்தின் கீழ் நின்றார்கள். சந்திப் பிள்ளையார் கோயில் மணி ஒலித்தது. வழமையாக அந்தச் சத்தத்துக்குக் கோணாமலையின் கை தானாக நெஞ்சுக்கு வரும். அன்று வரவில்லை.

"இருபத்தஞ்சாம் திகதி போனனீ."

"ஓம் அப்பா."

"எட்டாம் மடைக்கு முந்தி. நான் காப்போட இருக்கேக்க."

"காப்பு உங்கட கையிலதானே இருந்தது. என்ர கை சும்மாதானே இருந்தது."

"என்னட்டக் கேக்கேல்ல."

"கேட்டிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

விட்டிருக்கமாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும். கோபப்படவேண்டும் என்று அவர் முயன்று பார்த்தார். ஐந்து நாள் பிந்தி வந்த தகப்பனுக்கு, பதினைந்தாம் நாளே போன மகளைக் கோபிப்பதற்கு இடம் கிடைக்கவில்லை.

அவருடைய போன் அடித்தது. ஒன்றுவிட்ட தங்கை இராசமலர். நிலாவெளிச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். அவளுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்தில் நின்ற லக்சாயினிக்கும் எல்லாம் கேட்டது.

"அண்ணை, கோவியாதையுங்கோ. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமாம்."

"ஏனாம்? வந்து பலகாரம் சாப்பிட்டுச் சிரிச்சுக் கதைச்சிட்டுத்தானே போனவை."

"பெண்ணில ஒரு குறையுமில்லையாம். தமையனைப் பற்றித்தான் கதை அடிபடுது. பெடியன் வெறியில இறங்குதுறையால விழுந்து கை முறிச்சவனாம், ஒவ்வொரு நாளும் குடியாம். குடிகாரன்ர வீட்டில சம்பந்தம் வைக்கமாட்டினமாம்."

"ஆர் சொன்னது வெறியெண்டு?"

"ஊர்தான் அண்ணை. நல்லா நீந்துற பெடியன், பிறந்து வளர்ந்த கரையில, சும்மா விழுவானோ எண்டு கேக்குதுகள்."

கோணாமலை போனைச் சட்டைப் பையில் போட்டார். தான் ஊன்றிய விதை இது. விழுந்தான் என்றுதான் அவர் சொன்னார். ஏன் விழுந்தான் என்பதை ஊர் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டது. குடும்ப மானத்துக்காகச் சொன்ன பொய், சாராய மணத்தோடு வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

"பிள்ளை..." என்றார்.

"விடுங்கோ அப்பா," என்றாள் லக்சாயினி. "வந்தண்டு பாத்தனீங்கள்தானே, அந்த மாப்பிள்ளை எட்டு மோதகம் சாப்பிட்டவர். அரிசி ஆட்டியே எனக்குச் சீவன் போயிருக்கும்."

சிரிக்க வைக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, தெருவைப் பார்ப்பதுபோல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வா," என்றார் அவர். "ஜவாஹிரிட்டப் போவம்."

*

ஜவாஹிர் உள்துறைமுகக் கரையில், கவிழ்த்து வைத்த படகின் நிழலில் இருந்து வலையிலிருந்து கீரி மீன் கழற்றிக்கொண்டிருந்தார். சங்குக்குப் போகும்போது கிருஷாந்தன் கீழே இறங்குவான். ஜவாஹிர் மேலே கயிறு பிடிப்பார். பதினொரு வருடமாக அதுதான் வழக்கம். சங்கு குளிக்கிறவர்கள் கயிற்றை எல்லோர் கையிலும் கொடுப்பதில்லை. கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால் அந்த நொடியே தூக்குகிறவன் வேண்டும்.

"அடடே, தலைவர்!" என்றார் ஜவாஹிர். எழுந்திருக்கவில்லை. "வழி தவறிட்டீங்களா அண்ணன்? இங்கால கோயிலொண்டும் இல்லியே."

"உன்னைப் பாக்கத்தான் வந்தனான்."

"என்னய என்னத்துக்குப் பார்க்கணும்? நான் ஒண்டும் காணாதவனாச்சே."

லக்சாயினி தகப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தைக் கடல் பக்கம் வைத்திருந்தார்.

"தங்கச்சிக்குத் தெரியாது போல," என்றார் ஜவாஹிர். "கேளுங்க தங்கச்சி. அன்றைக்கு ஜீப்புக்குப் பின்னால நான் மோட்டார் சைக்கிள்ள போனன். காவலரண் வேலிக்கு இங்கால நிண்டன். கண்டது பாதி, கேட்டது மீதி. கிருஷாந்தன் என்ட பேரச் சொல்லிக் கத்தினான். கீழ இருந்து கயிறு இழுக்கிற மாதிரி, ஜவாஹிர், ஜவாஹிர் எண்டு. நான் தூக்கல்ல. வேலியில கைய வெச்சிட்டு நிண்டன்."

மீன் ஒன்றை வலையிலிருந்து பிய்த்துப் பெட்டியில் எறிந்தார்.

"பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தன், இதாவது சொல்லுவம் எண்டு. வாசல்ல அப்பா நிண்டார். என்ட தோள்ல கைய வெச்சு, 'ஜவாஹிர், நீ ஒண்டும் காணேல்ல' எண்டார். பெரிய மனுசன் சொல்றார். சரியெண்டு போயிட்டன். அஞ்சு கிழமையாக் காணாதவனா இருக்கன்."

"உண்மையோ அப்பா?"

"ஓம்," என்றார் கோணாமலை.

அன்று காலையிலிருந்து அவர் சொன்ன ஓம்களுள் அதுதான் பாரமானது. பிறகு அவர் ஜவாஹிரிடம் நேரே சொன்னார். நாளைக்கு ஒன்பது மணி. சத்தியக்கடதாசி. கண்டதைச் சொல்லவேண்டும்.

"சொல்லலாம். ஆனா அண்ணன், ஊர் முழுக்க அவன் விழுந்தவன் எண்டு கிடக்கு. விழுந்ததெண்டு சொன்னவர் யாரு? கோயில் தலைவர். அதுக்கு மேல நான் போய் அடிச்சாங்க எண்டு சொன்னா யாரு பொய்யன்? கோணாமலை அண்ணனா, மீன் கழற்றுற ஜவாஹிரா? எனக்கும் மூணு புள்ள இருக்கு. ஜீப்புக்கு என்ட வீட்டுத் தெருவும் தெரியும்."

"நானும் கையெழுத்து வைப்பன்."

"கொழும்புக்குப் போற கடதாசியில வெப்பீங்க. அத இங்க யாரு பார்க்கப் போறா? நீங்க சொன்ன இடத்திலயே திருப்பிச் சொல்லுங்க. பிறகு நான் சொல்றன்."

அந்த நேரம் லக்சாயினியின் போன் அடித்தது. கிளினிக்கிலிருந்து யோகம்மா. லக்சாயினி கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஓம் அம்மா... ஓம்... அண்ணா என்ன செய்யிறார்?... சரி, வீட்ட போங்கோ."

போனை இறக்கினாள்.

"இடது காது இனிச் சரிவராதாம். ஓட்டை பெரிசாம். ஒப்பரேசன் செய்தாலும் கடலுக்குள்ள இறங்கக் கூடாதாம். ஒரு பாகம், ஆறடி கூட இறங்கக் கூடாதாம்."

ஜவாஹிர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"என்ன செய்றான்?"

"ஒண்டும் சொல்லேல்லயாம். டொக்டரிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டவராம். கயிறு பிடிக்கலாமோ எண்டு."

துறைமுகத்தின் நடுவில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது. அதைச் சுற்றி ஒரு இழுவைப் படகு மெதுவாக வந்தது. யாரோ ஒரு சுக்கானி, கோணாமலை நின்ற இடத்தில் நின்று, கப்பலைப் பதமாக அணைத்துக்கொண்டிருந்தான். தூரம், வேகம், காற்று, நேரம். ஒரு நிமிடம் பிந்தினால் என்ன நடக்கும் என்பதை முப்பத்தொரு வருடம் கையில் வைத்திருந்த மனிதர் அவர். கப்பலுக்குப் பார்க்கத் தெரிந்த நேரம் பிள்ளைக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

"ஒன்பது மணி, ஜவாஹிர்," என்றார்.

"வந்தா வந்தன் அண்ணன். வரல்லயெண்டா தேடாதீங்க," என்றார் ஜவாஹிர். அவர் கண்கள் சிவந்திருந்தன. மீன் கை என்பதால் துடைக்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மாலைப் பூசைக்கு அம்மன் கோயிலில் எப்போதும் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். சடங்கு முடிந்து இரண்டு கிழமை ஆகியும் வாழைத் தண்டு இன்னும் தூணில் வாடிக் கிடந்தது. கோணாமலை முன்னால், தலைவர் நிற்கும் இடத்தில் நின்றார். வலது மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்த இடம் மட்டும் கறுக்காமல் ஒரு வெளிர்ந்த கோடாக இருந்தது.

வீட்டிலிருந்து புறப்படும்போது கிருஷாந்தன் முற்றத்தில் இருந்தான். மடியில் சங்குக் கயிறு. ஒரு கையால் அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான், எங்கோ வைத்துவிடப் போகிறவனைப் போல. கோணாமலை அவனுடைய இடது பக்கம் வந்து நின்று, "தம்பி," என்றார். அவன் திரும்பவில்லை. பிறகு அவர் நினைவு வந்து, சுற்றிப் போய் வலது பக்கம் நின்றார்.

"தம்பி, கோயிலுக்குப் போட்டு வாறன்."

"ஓம் அப்பா," என்றான் மகன். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

தீபாராதனை முடிந்தது. திருநீறு கொடுத்தார்கள். வழக்கம்போல ஆண்கள் மண்டபத்தில் ஒரு பக்கமாகவும் பெண்கள் ஒரு பக்கமாகவும் இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். யோகம்மாவும் லக்சாயினியும் பெண்கள் பக்கம் கடைசியில் இருந்தார்கள். சபைச் செயலாளர் குலசிங்கம் கோணாமலையின் பக்கத்தில் வந்து குந்தினார். நல்ல மனிதர், பிறருடைய துன்பத்தில் பங்கெடுக்கும் ஆசை கொஞ்சம் கூடியவர்.

"தலைவர், நிலாவெளிக் காரியம் குழம்பினதெண்டு கேள்விப்பட்டன். மனவருத்தமாக் கிடக்கு." குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் பக்கத்தில் நாலு பேருக்குக் கேட்கும் குரல் அது. "நான் சொல்லுறதைத் தப்பா எடுக்காதையுங்கோ. குடியை விடப்பண்ணுற இடமொண்டு மட்டக்களப்புப் பக்கம் இருக்காம். என்ர மச்சான்ர மகனையும் அங்கதான் விட்டவை. மூண்டு மாதம். பெடியன் தங்கமா வந்திட்டான். கிருஷாந்தனையும் ஒருக்கா..."

"ஏன்?"

"இல்லை... இறங்குதுறையில அண்டைக்கு... வெறியில..."

குலசிங்கம் வசனத்தை முடிக்கவில்லை. ஆண்கள் பக்கம் கதை நின்றுவிட்டது. கோயில் வாசலுக்கு வெளியே, தெரு விளக்கின் கீழ், ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதில் வந்தவர் இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் நிறுத்தினார். ஜவாஹிரா, தெருவால் போகிற வேறு யாராவதா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

கோணாமலை எழுந்தார். தூணில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு, இழுவைப் படகில் நின்றதுபோல் தனியாக நின்றார். பெண்கள் பக்கத்தையும் பார்த்தார். ஆசுபத்திரியில் நின்ற இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

"குலசிங்கம், நீ மாத்திரமில்லை, எல்லாரும் கேளுங்கோ. என்ர மகன் கிருஷாந்தன் குடிக்கிறவன் இல்லை. யூன் பத்தாம் திகதி இறங்குதுறையில அவன் விழேல்ல. ஒருத்தரும் விழேல்ல. பொலிசார் ஆள் மாறிப் பிடிச்சுக் கொண்டுபோய் அவனை அடிச்சவங்கள். விழுந்தவன் எண்டு கதை கட்டினது நான்."